கிருமி செத்தபின்னும் வேலை செய்யும் விஷம்



வார்டில் வியாதியஸ்தரின் வீட்டார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கிருமியைக் கொல்ல மருந்து ஏற்றியாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார்களே, பிறகு ஏன் பிள்ளைக்கு இன்னும் சுகமாகவில்லை?" நியாயமான கேள்விதான். ரவுண்ட்ஸ் போகும் மருத்துவருக்கு நின்று விளக்க நேரம் இருப்பதில்லை. கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்காருகிற நமக்கு நேரம் உண்டு. ஆனால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக நாம் வாசித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இந்த இதழின் பாடமாக எழுதுகிறோம். மாதர் சங்கத்திலும் வாலிபர் கூடுகையிலும் வாசித்துப் பேசலாம். அறிவியல் பெயர்கள் சில வரும். அவற்றை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமில்லை.

கேள்விக்கு முதல் பதில் இது. சில கிருமிகள் சரீரத்துக்குள் பெருகுவதாலேயே கெடுதல் செய்கின்றன. வேறு சில தாம் இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு, விஷத்தை மாத்திரம் அனுப்பி வைக்கின்றன. தொண்டை அடைப்பானில் கிருமி தொண்டையிலேயே தங்கியிருக்கிறது, பிள்ளையின் இருதயமோ நின்றுபோகிறது. ரண ஜன்னியில் கிருமி குதிகாலில் முள் குத்தின இடத்தில் கிடக்கிறது, பூட்டிக்கொள்வதோ தாடை. வாந்திபேதி என்று நம் முன்னோர் நடுங்கிய காலராவில் கிருமி குடலின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதேயல்லாமல் ஒரு செல்லுக்குள்ளும் நுழைகிறதில்லை. நுழைவது அது கக்கும் விஷம். அந்த விஷம் எப்படி நுழைகிறது, எந்த அறையில் போய் உட்காருகிறது என்பது தெரிந்தால், மருத்துவர்கள் சில காரியங்களில் ஏன் இத்தனை அவசரப்படுகிறார்கள் என்பதும், சில காரியங்களில் ஏன் பொறுத்திருக்கச் சொல்லுகிறார்கள் என்பதும் விளங்கும்.

செல் என்னும் வளாகம்

மனித சரீரத்தில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு சாதாரண செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பள்ளிக்கூடப் படத்தில் அதை ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியுமாக வரைந்து காட்டினார்கள். உண்மையில் அது ஒரு வெறும் பை அல்ல.

மருத்துவமனை வளாகம் ஒன்றைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுற்றுச்சுவர் இருக்கிறது, வாசலில் காவலர் இருக்கிறார். உள்ளே வெளிநோயாளர் பிரிவு, சமையற்கட்டு, மருந்தகம், சலவைக்கூடம், ஆபரேஷன் தியேட்டர், பின்புறத்தில் கழிவை எரிக்கும் உலை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர் உண்டு, தனிக் கதவு உண்டு. சலவைக்கூடத்து அழுக்கு மூட்டை தியேட்டருக்குள் வரக்கூடாது. செல்லும் இப்படியே. வெளிச்சவ்வு என்பது கொழுப்பினாலான மெல்லிய சுற்றுச்சுவர். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. உள்ளேயும் அதே வகைச் சவ்வினால் கட்டின அறைகள் பல. புரதங்களைச் சமைக்கிற எண்டோபிளாச வலை சமையற்கட்டு. அவற்றைப் பிரித்து விலாசமிட்டு அனுப்புகிற கால்ஜி அறைகள் தபால் பிரிவு. இத்தாலியரான காமில்லோ கால்ஜி இதை 1898-இல் கண்டு எழுதியபோது, இது உண்மையான அறைதானா அல்லது சாயம் ஏற்றினதால் வந்த கறையா என்று பல ஆண்டுகள் சண்டை நடந்தது. எரிக்கும் உலைக்கு லைசோசோம் என்று பெயர். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் டி டூவ் 1955-இல் இதற்குப் பெயரிட்டார். உள்ளே இருக்கும் அமிலம், செல்லின் பொது இடத்திலிருப்பதைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் கடுமையானது. சவ்வு கிழிந்தால் செல் தன்னையே தின்றுவிடும். இவ்வறைகளை ஆராய்ந்த டி டூவ், ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடி ஆகிய மூவருக்கும் 1974-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

அறைகளுக்கு இடையிலுள்ள பொது இடத்தை முற்றம் என்று வைத்துக்கொள்ளுவோம். செல்லின் அன்றாட வேலையில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. விஷங்களில் பல குறிவைப்பதும் இந்த முற்றத்தைத்தான்.

ஆனால் முற்றத்துக்கு வருவது இலேசல்ல. வெளியிலிருந்து இரும்புச் சத்து, கொழுப்பு முதலிய பெரிய சரக்குகளைச் செல் வாங்கும் முறை விசித்திரமானது. வெளிச்சவ்வு உள்நோக்கிக் குழிந்து, சரக்கைச் சுற்றி மூடி, ஒரு சிறு பையாகக் கிள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. இந்தப் பைக்கு எண்டோசோம் என்று பெயர். பைக்குள் இருப்பது செல்லுக்குள் வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது இன்னும் முற்றத்தில் கால் வைக்கவில்லை. வந்தவரைப் பூட்டின வண்டியில் ஏற்றி வளாகத்துக்குள் ஓட்டிப் போவது போலத்தான். வண்டி பெரும்பாலும் போய்ச்சேருவது எரிக்கும் உலைக்கு. ஆகவே வாசலைத் தாண்டின விஷத்துக்கும் வேலை முடிந்தபாடில்லை. வண்டியிலிருந்து தப்பவேண்டும். எங்கே தப்புவது என்பதில்தான் விஷத்துக்கு விஷம் வேறுபாடு.

தொண்டை அடைப்பான்

இந்நோயின் கிருமியை ஜெர்மனியில் ஃபிரீடரிக் லோஃப்லர் 1884-இல் வளர்த்துக் காட்டினார். இறந்த பிள்ளைகளிலும் மிருகங்களிலும் கிருமி தொண்டையோடு நிற்கிறது, கேடோ தூரத்து அவயவங்களில் இருக்கிறது என்பதை அவர் கவனித்து, ஏதோ ஒரு விஷம் இருக்கவேண்டும் என்று சொன்னார். 1888-இல் பாரிஸில் எமில் ரூவும் அலெக்ஸாண்டர் யெர்சினும் கிருமி வளர்ந்த குழம்பைக் கிருமி புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரை மாத்திரம் மிருகங்களுக்கு ஏற்றினார்கள். கிருமி ஒன்றுகூட இல்லை. வியாதியோ முழுவதும் வந்தது.

இந்த விஷம் இரண்டு பாகமுள்ள ஒரு புரதம். ஒரு பாகம் செல்லைப் பிடித்துக்கொள்ளும், மற்றது கொல்லும். பிடிப்பதற்கு அது தேர்ந்தெடுப்பது நம் செல்களின் மேலிருக்கும் ஒரு வளர்ச்சிப் புரதத்தை. காயம் ஆறவும் இருதயம் நலமாயிருக்கவும் அது நமக்குத் தேவை. எலிக்கும் சுண்டெலிக்கும் இதே புரதம் உண்டு, ஆனால் சிறிது மாறுபட்ட வடிவத்தில். அதனால் விஷம் அங்கே பிடி கிடைக்காமல் வழுக்கிவிடுகிறது, எலிக்கு ஒன்றும் ஆவதில்லை.

பிடித்தபின் பைக்குள் போகிறது. உலையை நெருங்க நெருங்கப் பையில் அமிலம் ஏறுகிறது. மற்றப் புரதங்களுக்கு இது அழிவின் அடையாளம். இந்த விஷத்துக்கோ இதுதான் மணியடிப்பு. அமிலம் பட்டவுடன் அது மடிப்பு அவிழ்ந்து, பையின் சவ்வுக்குள் ஒரு பகுதியைச் செருகி, அதன் வழியாகக் கொல்லும் பாகத்தை முற்றத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் செல்களின் பைகளில் அமிலம் ஏறாதபடி மருந்திட்டால், சுற்றிலும் விஷமிருந்தும் செல்கள் பிழைக்கின்றன. எரிப்பதற்காக மூட்டின அனலையே விஷம் கதவுக்குச் சாவியாக்கிக்கொள்ளுகிறது.

முற்றத்தில் அது செய்வது ஒரே வேலை. செல் புரதம் தயாரிக்கும்போது இயந்திரத்தை ஒவ்வொரு படியாக நகர்த்தும் ஒரு புரதத்தின்மேல் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டி, அதை முடக்கிவிடுகிறது. ஒன்றை முடக்கினபின் அடுத்தது, பின்பு அதற்கடுத்தது. விஷம் செலவாவதில்லை. 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தக் கொல்லும் பாகத்தின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனால் ஒரு செல் சாகப் போதும் என்று காட்டினார்கள்.

இனி வார்டுக்கு வருவோம். தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்து, கழுத்து வீங்கின பிள்ளை வருகிறது. மருத்துவர்கள் ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திராமல் விஷமுறிவு மருந்து தேடி ஓடுகிறார்கள். 1890-இல் எமில் வான் பெஹ்ரிங்கும் ஷிபாசபுரோ கிடசாடோவும் காட்டின வழியில், குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. இன்றைக்கும் அப்படியே தயாராகிறது. அது இரத்தத்தில் அலைகிற விஷத்தைப் பிடித்துக் கட்டிவிடும். செல்லுக்குள் புகுந்துவிட்ட விஷத்தை அதனால் தொடமுடியாது. ஆகையால் முதல் நாளில் கொடுத்தால் கிடைக்கும் பலன் நாலைந்து நாள் கழித்துக் கொடுத்தால் கிடையாது. பென்சிலின் கிருமியைக் கொல்லும், புதிய விஷம் உண்டாவதை நிறுத்தும், மற்றவர்களுக்குத் தொற்றாமலும் காக்கும். ஏற்கெனவே உள்ளே போனதற்கு அதனிடம் பதில் இல்லை. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் ஊருக்கு இந்த மருந்தைப் பனியில் நாய் வண்டிகளில் மாற்றி மாற்றி ஐந்தரை நாளில் ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் கொண்டுபோனது வீரச் செயலுக்காக எழுதப்படுகிறது. அவ்வளவு ஓட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை மேலே சொன்ன விஷயமே விளக்கும்.

இதில் வீட்டார் இடறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் தொண்டை தெளிகிறது. பிள்ளை கஞ்சி குடிக்கிறது, சிரிக்கிறது. "இனி எதற்கு ஐயா பெட்டில் கிடக்கவேண்டும், வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்" என்கிறார்கள். இருதயத் தசையில் விஷம் செய்த கேடு பெரும்பாலும் இரண்டாம் வாரத்தை ஒட்டியே வெளியே தெரியும். எழுந்து ஓடின பிள்ளை அப்படியே விழுந்துவிடுவது உண்டு. மருத்துவர்கள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துப் படுக்கையிலேயே வைத்திருக்கச் சொல்லுவது பில்லைக் கூட்டுவதற்காக அல்ல. இதை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். பயப்படுத்தக்கூடாது என்று மறைத்தால், அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்நோய் பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2016-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலும், 2017-இன் இறுதியிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களிலும் இது பரவிற்று. முகாம்களில் நோய்ப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

வாந்திபேதி

காலராவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். இதை அறிந்த வரலாற்றில் நம் தேசத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதோடு, இதில் உயிர் காப்பது வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது.

ராபர்ட் காக் 1883 முடிவில் எகிப்திலிருந்து கல்கத்தா வந்து, 1884-இல் காலராக் கிருமியைத் தனியே வளர்த்தார். கிருமி ஒரு விஷத்தை உண்டாக்குகிறது என்று அவரும் ஊகித்தார். அந்த விஷத்தைக் கண்ணால் காட்ட இன்னும் 75 ஆண்டுகள் ஆயின. ஆய்வாளர்கள் அதை மிருகங்களின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், காலரா வரவில்லை. கல்கத்தாவிலே சம்புநாத் டே என்ற நோய்க்குறியியல் மருத்துவர் எளிய ஒரு காரியம் செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அதற்குள் மருந்தை விட்டார். 1959-இல் கிருமி நீக்கி வடித்த நீரை மாத்திரம் விட்டபோதும் அந்தத் துண்டு நீர் நிரம்பிப் பலூன்போல உப்பிற்று. விஷம் வேலை செய்வது இரத்தத்தில் அல்ல, குடலின் உட்புறத்தில் என்பது தெளிவாயிற்று. பெரிய ஆய்வுக்கூடமோ பணமோ இல்லாமல் செய்த வேலை இது. 1985-இல் அவர் மறையும்வரை தேசம் அவருக்குப் பெரிய விருது ஒன்றும் கொடுக்கவில்லை. நமக்கு இது வருத்தமாயிருக்கிறது.

காலரா விஷத்தின் அமைப்பு ஒரு பூவைப் போன்றது. ஐந்து இதழ்களான ‘பி’ பாகங்கள், நடுவில் ஒரு ‘ஏ’ பாகம். இதழ்கள் குடல் செல்லின் மேலுள்ள ஒருவகைக் கொழுப்பைப் பற்றிக்கொள்ளுகின்றன. செல் வழக்கம்போல் பைக்குள் வாங்குகிறது. இங்கே தொண்டை அடைப்பான் விஷத்துக்கும் இதற்கும் வழி பிரிகிறது. இது அமிலத்துக்குக் காத்திருக்கவில்லை. எரிக்கும் உலையின் பாதையை விட்டு, தபால் பிரிவான கால்ஜிக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கிச் சமையற்கட்டான எண்டோபிளாச வலைக்கே போய்விடுகிறது. செல்லின் சரக்குகள் அநேகமாய் உள்ளிருந்து வெளியே போகும் பாதையில் இது எதிர்த்திசையில் நடக்கிறது. சமையற்கட்டின் சொந்த வேலையாட்கள் தவறி வெளியே வந்துவிட்டால் திருப்பி அனுப்புவதற்காக அவர்களுடைய வாலில் நான்கு எழுத்து விலாசம் ஒன்று எழுதியிருக்கும். விஷத்தின் வாலிலும் அதே விலாசம் இருக்கிறது!

சமையற்கட்டுக்கு ஏன் போகவேண்டும்? அங்கேதான் முற்றத்துக்குத் திறக்கும் பின்கதவு இருக்கிறது. சரியாக மடியாத, பழுதான புரதங்களைச் செல் அவ்வழியே வெளியே தள்ளி, முற்றத்தில் வைத்துத் துண்டாக்கிவிடும். அடிபிடித்த சோற்றைப் பின்வாசலில் கொட்டுவதுபோல. விஷத்தின் ‘ஏ’ பாகத்திலிருந்து ஒரு துண்டு இங்கே கழன்று, சரீரத்தின் வெப்பத்திலேயே குலைந்து, பழுதான புரதம்போல் கிடக்கிறது. செல் ஏமாந்து தானே அதைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறது. சரி, வெளியே போனபின் துண்டாக்கவேண்டுமே? துண்டாக்கவேண்டிய புரதத்தைச் செல் அடையாளச் சீட்டு ஒட்டி அனுப்பும். அச்சீட்டு ஒட்டுவதற்கு லைசின் என்னும் கொக்கி வேண்டும். இந்தத் துண்டில் கொக்கிகள் இரண்டே இரண்டு. சீட்டு ஒட்டுவது கடினமாகிவிட, விஷம் தப்பித்து மறுபடியும் மடிந்து வேலையைத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் இப்பயணம் முழுவதற்கும் ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

முற்றத்தில் அது தொடுவது ஒரு சுவிட்சை. செய்தி வந்தால் போட்டு, முடிந்ததும் அணைக்கிற சுவிட்ச். விஷம் அதைப் போட்டபடியே இறுக்கிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறு செல்லுக்குள் பெருகுகிறது. செல்லின் குடல்பக்கச் சுவரிலுள்ள குளோரைடு மதகு திறந்து மூடாமல் நிற்கிறது. உப்பு வெளியே பாய்கிறது, உப்பின் பின்னால் தண்ணீர். கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கண் குழிந்து, குரல் அடங்கி, நாடி கிடைக்காமல் கிடப்பது இதனால்தான். செல் சாகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குடலில் புண்ணும் இல்லை. மனிதன் சாவது நீர் வற்றி.

இங்கே நம் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். இறுகிப்போன சுவிட்சைத் திருப்பும் மருந்து இல்லை. விஷமேறிய செல்கள் உதிர்ந்து புதியவை வரவேண்டும். குடலின் உட்தோல் நாலைந்து நாளில் தானே புதுப்பிக்கப்படுகிறது. அதுவரை மனிதனை உயிரோடே வைத்திருந்தால் போதும். மருத்துவம் என்பது இங்கே நாலு நாள் தாக்குப்பிடிக்க வைக்கிற வேலை.

எப்படித் தாக்குப்பிடிப்பது? அதே குடல் செல்லில் வேறொரு கதவு இருக்கிறது. குளுக்கோஸ் சர்க்கரையும் சோடியம் உப்பும் ஜோடியாக வந்தால் உள்ளே விடும், தனித்தனியாக வந்தால் விடாது. அமெரிக்கரான ராபர்ட் கிரேன் 1960-இல் இதை எடுத்துரைத்தார். காலரா விஷம் இந்தக் கதவைத் தொடுவதில்லை. மதகு ஒருபக்கம் திறந்து கிடக்கையிலும், சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரை வாயில் கொடுத்தால் இக்கதவு வழியே சரீரத்துக்குள் ஏறுகிறது. டாக்காவில் 1968-இல் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் வியாதியஸ்தரில் இதை நிரூபித்தார்கள்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, எல்லையிலுள்ள பன்காவ் மருத்துவமனையில் காலரா. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் கல்கத்தாவில் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து பொட்டலங்களாகக் கட்டவைத்து, டிரம்களில் கரைத்து, வீட்டாரையே தம்ளரில் மோந்து கொடுக்கச் சொன்னார். அதுவரை நூறில் முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். அது 3.6 ஆகக் குறைந்தது. 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இந்தக் கண்டுபிடிப்பை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று எழுதிற்று. மகலனாபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

"பேதி ஆகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும், வயிற்றைக் காயப்போடு" என்று சொல்லும் பாட்டிமார் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடாமல், மதகையும் கதவையும் பற்றிச் சொல்லிப் பாருங்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் வாய்க்காலும் அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்ளுவார்கள் என்பது எங்கள் அனுபவம். பேதி கண்டவுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொடுக்கவேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடக்கூடாது, அதிக உப்பு பிள்ளைக்கு ஆபத்து. உப்பிட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லதே. அரிசி மாவு குடலில் குளுக்கோஸாகிறது, கதவு அதற்கும் திறக்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடியும். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். பிள்ளை மயங்கினாலோ, குடிக்கமுடியாமல் போனாலோ, கண் குழிந்து தோலைக் கிள்ளினால் மடிப்பு மெதுவாகத் திரும்பினாலோ, உடனே டிரிப் வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான். கொண்டுவரும் வழியிலும் வாயில் கொடுத்துக்கொண்டே வரட்டும். கிருமியைக் கொல்லும் மாத்திரையும் டாக்டர் கொடுப்பார், பேதி நாட்கள் குறையும். ஆனால் உயிர் நிற்பது தண்ணீரால்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு வந்தது. 1992-இல் சென்னையில் காலராக் கிருமியின் புதிய வகை ஒன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்பு வங்கக் கடலோரமெங்கும் அது பரவிற்று. ஓ139 என்று அதற்குப் பெயர். மேல்சட்டை புதிது, விஷமோ பழைய விஷமே, ஓ.ஆர்.எஸ். அதற்கும் கேட்டது. அந்த விஷத்துக்கான மரபுச் செய்தி கிருமியின் சொந்தச் சொத்தும் அல்ல. கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து விட்டுப்போனது என்று 1996-இல் தெரியவந்தது. தொண்டை அடைப்பான் கிருமிக்கும் இப்படியே வைரஸால் வந்த விஷம்தான்.

ரண ஜன்னி

இதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். காயத்தில் உண்டாகும் விஷம் நரம்பின் நுனியில் பைக்குள் ஏறி, அமிலம் ஏறாத ஒரு வண்டியில் நரம்பு வழியே முதுகுத்தண்டுவரை பயணம்பண்ணுகிறது. அங்கே அந்த நரம்பை விட்டு இறங்கி, பக்கத்திலிருக்கும் அடக்கும் நரம்பினுள் ஏறுகிறது. இந்த இரண்டாவது வண்டியில்தான் அமிலம் ஏறி, விஷம் முற்றத்துக்கு வருகிறது. அடக்கும் நரம்பு தன் செய்தியைச் சிறு பைகளில் வைத்து வெளியே விடும். பையை வாசலில் பூட்டும் புரதத்தை விஷம் கத்தரித்துவிடுகிறது. 1992-இல் இதாலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். அடக்குவார் இல்லாமல் தசைகள் இறுகிக்கொண்டேயிருக்கின்றன. விளக்கைப் போட்டாலும் கதவு தட்டினாலும் பிள்ளை வில்லாய் வளைகிறது. அந்த வார்டில் ஏன் இருட்டாக வைத்திருக்கிறார்கள், பாடல் பாடி ஜெபிக்க வருகிறவர்களை ஏன் மெதுவாகப் பேசச் சொல்லுகிறார்கள் என்று சிலர் மனத்தாங்கல் கொண்டதுண்டு. காரணம் இதுதான். விஷமுறிவு மருந்து இங்கேயும் வெளியே அலையும் விஷத்தை மாத்திரமே பிடிக்கும். நரம்புக்குள் போனது தானாகத் தேறவேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மூச்சுக் கருவியும் தாதியரின் காவலும்.

தொப்புள் கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்ததில் பச்சைக் குழந்தைகள் இந்நோயால் மாண்டது வெகு காலம் முன்பல்ல. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டும் சுத்தமான பிரசவம் பார்த்தும் அதைக் குறைத்ததால், 2015-இல் இந்தியாவில் தாய்சேய் ரண ஜன்னி ஒழிந்ததாகச் சான்று அளிக்கப்பட்டது. கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது, ஒழிந்தது நோய் மட்டும்.

அறையையே கெடுப்பதும் உண்டு

மேலே சொன்ன மூன்றும் அறைகளை வழியாகப் பயன்படுத்தின. அறைகளையே குலைக்கும் விஷமும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியின் விஷம் ஒன்று, உலைக்குப் போகும் பைகளைத் தண்ணீர் நிரம்பிய குமிழிகளாக ஊதவைக்கிறது. இக்கிருமியை 1982-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்தார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதுவரை வயிற்றுப் புண் கவலையாலும் காரத்தாலும் வருகிறதென்றே நாமெல்லாரும் பிரசங்கித்து வந்தோம்.

ஊசி என்ன செய்கிறது

நம் பிள்ளைகளுக்குப் போட்டுவந்த முத்தடுப்பு ஊசியின் மூன்று நோய்களையும் நினைத்துப் பாருங்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி. மூன்றிலும் செல்லுக்குள் புகும் விஷம் உண்டு. கக்குவானின் விஷமும் காலராவினுடையதைப்போல ஐந்தும் ஒன்றுமானது. பிரான்ஸில் காஸ்டன் ரமோன் 1920-களில் தொண்டை அடைப்பான் விஷத்தில் ஃபார்மலின் கலந்து வைத்தபோது, உருவம் கெடாமல் கொல்லும் குணம் மாத்திரம் போயிற்று. பல் பிடுங்கின பாம்பு என்று சொல்லலாம். ரண ஜன்னிக்கும் அப்படியே. அதை ஏற்றினால் சரீரம் விஷத்தின் முகத்தை அறிந்துகொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் விஷம் செல்லைத் தொடுமுன்னே, வாசலுக்கு வெளியே, அதைப் பிடித்துவிடுகிறது. உள்ளே போனபின் ஒன்றும் செய்யமுடியாத விஷத்துக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை.

இப்போது தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் இம்மூன்றோடு வேறு இரண்டும் சேர்ந்த ஊசி போடப்படுகிறது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை, ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதிலும் மறு ஊசி, பிறகு 10 வயதிலும் 16 வயதிலும். முதல் மூன்றோடு கடமை முடிந்தது என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் ஆண்டுகள் செல்லக் குறைகிறது. பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தொண்டை அடைப்பான் வருவது அதனாலேயே.

இன்னொன்று. ரண ஜன்னியிலிருந்து பிழைத்து வீடு திரும்புகிறவர்களுக்கும் புறப்படுமுன் அதே ஊசியைத் தொடங்கிவிடுகிறார்கள். "வந்து போன வியாதிக்கு இனி எதற்கு ஊசி?" என்று கேட்கிறார்கள். மனிதனைக் கொல்ல ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 2.5 நானோகிராம் விஷம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சரீரம் எதிர்ப்பொருள் உண்டாக்கக் கற்றுக்கொள்ள அது மிகவும் குறைவான அளவு. ஆகவே ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் இரண்டாம் முறை வரலாம். மீதித் தவணைகளுக்கு வரவேண்டிய தேதிகளை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள்.